சேர், ஒரு சின்னக் கேள்வி

சுபைதா உம்மா இறந்துவிட்டார் என்ற செய்தி, காலையில் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது வந்தது. அனுப்பியவள் அவருடைய மகள் சில்மியா. "உம்மா மௌத்தாகிட்டாங்க" என்று ஒரே ஒரு வரி. நான் நம்பவில்லை. எடுத்த எடுப்பில் எதையும் நம்புகிற வழக்கம் எனக்கு இல்லை; அதிலும் போனில் வருகிற மரணச் செய்தியை. கொரோனா நாட்களில் எங்கள் ஊரில் வேலிக்குக் கதியால் நட்டுக்கொண்டிருந்த மனிதர் ஒருவருக்கே படத்துடன் அனுதாபச் செய்தி வந்தது. அவரே அதை என்னிடம் காட்டி, "படம் நல்லாத்தான் இரிக்கு, எங்க எடுத்ததெண்டுதான் தெரியல்ல" என்றார். ஆகவே சில்மியாவின் போன் களவு போயிருக்கும், யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அந்த இலக்கத்தைக் கூப்பிட்டேன்.

நான் வாயைத் திறக்க முன்பே, "ஓம் கா, உண்மதான்" என்றாள் சில்மியா. "நீ நம்பமாட்டாய் எண்டு தெரியும். அதான் போனைக் கையில வெச்சிட்டு இரிக்கன். கேளு, என்ன கேக்கணுமோ கேளு."

கேட்டேன். எப்போது, எங்கே, பக்கத்தில் யார் இருந்தது, டாக்டர் என்ன சொன்னார். நெஞ்சுவலி என்றாள். விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டு எழும்ப முடியாமல் இருந்தாராம். ஒவ்வொரு கேள்விக்கும் அழாமல் பதில் சொன்னாள். கேள்விகள் முடிந்த பிறகுதான் இரண்டு பேரும் அழுதோம். நான் ஏற வேண்டிய பஸ் வந்து போய்விட்டது.

நமது பிரிவில் என்னோடு படித்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சுபைதா உம்மா என்ற பெயரை உங்களில் அநேகர் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். ஆனால் அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். கம்பஸ் மூடிக் கிடந்த காலத்தில், விரிவுரை முடிகிற நேரம் பார்த்து, எல்லோரும் போனை அணைக்க விரலை வைத்திருக்கையில், "சேர், ஒரு சின்னக் கேள்வி" என்று ஒரு குரல் வருமே, அந்தக் குரல்தான். "இவளுக்கு வேற வேலை இல்லையா" என்று நீங்கள் குழுவில் திட்டித் தீர்த்தது அவரைத்தான். சில்மியா என்று பெயர் எழுதிய அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது சில்மியா அல்ல, அவளுடைய உம்மா.

இதைப் படித்ததும் உங்களுக்கு உள்ளே குடையத் தொடங்கும். நானும் அந்த இனம்தான், எனக்குத் தெரியும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரீட்சைகளைச் சில்மியாவே மண்டபத்துக்கு வந்து நம் கண்முன்னால் எழுதினாள். கட்டுரைகளும் அவள் எழுதியவையே. உம்மா செய்தது வகுப்பில் இருந்தது மட்டும்தான். இதை எழுதலாமா என்று சில்மியாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். "எழுது கா. இனி உம்மாவை ஆரு வகுப்பை விட்டு எழுப்பப் போறா?" என்றாள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். உங்களை நம்பாமல் இல்லை, இருந்தாலும்.

ஐமிச்சம், அதுதான் சந்தேகம், எங்கள் வீட்டில் ஒரு குடும்பச் சொத்து. பெரியகல்லாற்றில் அப்பா தோணி வைத்து வாவியில் மீனும் இறாலும் பிடிப்பவர். தான் பிடித்த மீனையே மோந்து பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுப்பார். அம்மா அதை வாங்கி மறுபடியும் மோந்து பார்ப்பார். இப்படிப்பட்ட வீட்டுக்குள் கொரோனாவும் வந்து சேர்ந்தால் கேட்கவா வேண்டும்! இருமியது யார், ஒழுங்கைக்குள் நிற்கிற புதுச் சைக்கிள் யாருடையது, பாண்காரர் முகக்கவசத்தை ஏன் நாடிக்குக் கீழே இழுத்தார் என்று நாள் முழுக்க விசாரணைதான். சில்மியாவின் ஊரான ஏறாவூரை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று அம்மா என் போனையே ஒரு மாதிரிப் பார்த்தார். "உன்ட கூட்டாளியோட கதைக்கக்கொள்ள ஒள்ளுப்பம் தள்ளிப் புடி புள்ள" என்றார். போனுக்குள்ளால் நோய் வராது என்று அவருக்குத் தெரியும். அது நோயைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல என்று எனக்கும் தெரியும். தேவாலயங்களில் குண்டு வெடித்த முந்திய வருடத்திலிருந்தே எங்கள் தமிழ் ஊர்களுக்கும் அவர்களுடைய முஸ்லிம் ஊர்களுக்கும் நடுவில் கதை குறைந்து, பார்வை கூடியிருந்தது.

கம்பஸில் நானும் சில்மியாவும் முதலாம் வருடத்திலிருந்தே கடைசி வாங்கில் ஒன்றாக இருந்தவர்கள். இரண்டு பேரும் வாய் திறக்காதவர்கள். எங்கள் சினேகிதத்துக்கு அதுவே காரணம். எனக்குக் கேள்விகள் இல்லாமல் இல்லை. கேட்டால் என்னை மடைச்சி என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம். உலகத்தில் எல்லோர் மீதும் ஐமிச்சம், அதை ஒருவரிடமும் கேட்கத் தைரியம் இல்லை. அந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒருத்தி நிம்மதியாக இருக்க முடியாது. நான் இருக்கவில்லை.

அப்படியிருக்க, ஒன்லைன் வகுப்பு தொடங்கிச் சில நாட்களில் சில்மியாவுக்கு வாய் முளைத்தது. கமரா எப்போதும் அணைந்தே இருக்கும். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. கேட்டால் கவரேஜ் சரியில்லை என்றாள். பின்னால் தையல் மிசின் ஓடுகிற சத்தம் கேட்டது. அவளுடைய உம்மா தைக்கிறவர் என்று எனக்குத் தெரியும், ஆகவே அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு சேர் எங்களை இருவர் இருவராகப் பிரித்து, ஆட்களைக் கேட்டு எழுதி முன்வைக்க ஓர் ஒப்படை தந்தார். எனக்குச் சில்மியா. அதைப் பற்றிக் கதைக்க மத்தியானம் அவளைக் கூப்பிட்டால், முதல் கேள்வி, "என்ன கறி?" என்று வரும். கணவாய் என்றேன் ஒருநாள். "தேங்காப்பால் கடைசியாத்தானே விட்ட?" என்று குரல் அதட்டியது. என் வயதுப் பெண் எவள் அப்படிக் கேட்பாள்? நெருப்பில்லாமல் புகையாது என்று மனம் சொன்னது.

பொறி வைத்தேன். "சில்மியா, முதலாம் வருசம் அந்த மழைக்க நாம ரெண்டு பேரும் ஆர்ட குடைக்குள்ள வந்தம், ஞாபகமா?" என்று கேட்டேன். அந்தப் பக்கத்தில் மிசின் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அந்தக் குரல் வேறு ஒரு நிதானத்தோடு வந்தது.

"சோதிக்கிறீங்க மகள். நல்லம். கேட்டுப் பாக்காம ஆரையும் நம்பக்கூடா. நான் சில்மியாட உம்மா." நான் மூச்சை விட முன்பே அடுத்தது வந்தது. "இப்ப நான் கேக்கன். நீங்கதான் அந்தக் கௌசி எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? சில்மியா கம்பஸுக்குக் கொண்டு வாற வட்டிலப்பத்தில நீங்க முதல்ல என்னத்தைத் தின்ற?"

பிடிபட்டது அவர், விசாரிக்கப்படுவது நான்! "மேல இரிக்கிற கஜுவை" என்றேன், அகப்பட்ட கள்ளியைப் போல. "ஓம், அவதான்" என்று பக்கத்தில் யாருக்கோ சொன்னார். பக்கத்தில் இருந்தது சில்மியா. மிசினை மிதித்துக்கொண்டிருந்தது அவள்தான்.

கதை இவ்வளவுதான். சில்மியாவின் வாப்பா கட்டாரில் வேலை இல்லாமல், ஊருக்கு வரவும் வழியில்லாமல் அகப்பட்டுவிட்டார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமென்றால் மிசின் ஓட வேண்டும். உம்மாவுக்கோ இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, ஊசியில் நூல் கோக்கவும் ஏலாது. ஆஸ்பத்திரியில் கண் வெட்டத் தந்த திகதியைக் கொரோனாவால் தள்ளிப் போட்டுவிட்டார்கள். ஆகவே மகள் முகக்கவசம் தைத்தாள், உம்மா வகுப்பில் இருந்தார். "கண் வேல அவக்கு, காது வேல எனக்கு. வேற என்ன செய்யிற மகள்? வரவு குறைஞ்சா சோதனைக்கு விடமாட்டாங்களாமே" என்றார்.

நான் விடவில்லை. மெய்யாகவா என்று கேட்டேன். சில்மியாவைக் கொடுங்கள் என்றேன். அவள் வந்து, குடை யாருடையது என்றும் சொன்னாள். அப்படியும் வேறு ஏதோ கேட்டேன். உம்மா போனைத் திரும்ப வாங்கினார். "மகள், கேட்டீங்க, சொன்னன். அவவும் சொல்லிட்டா. இனி நம்புங்க. கேக்காம நம்பக்கூடா, அது சரி. கேட்ட பொறகும் நம்பாட்டி, எதுக்குக் கேட்ட?"

சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். பயம் மட்டும் இருந்தது. ஆள்மாறாட்டம் பிடிபட்டால் சில்மியாவின் படிப்பு அதோடு முடிந்தது. அவளோடு சோடி சேர்ந்த என்னை மட்டும் மாலை போட்டு அனுப்புவார்களா? அம்மாவிடம் பாதியைச் சொன்னேன். "அவக்குப் பட்டம், உனக்குப் பழி. விட்டுட்டு வேற ஆளைக் கேளு" என்றார். வேறு ஆளைக் கேட்டால் சேர் ஏன் என்று கேட்பார். அதற்கு நான் மைக்கைத் திறந்து கதைக்க வேண்டும். பெருந்தன்மை ஒன்றும் இல்லை, அந்தப் பயத்தில்தான் சில்மியாவோடு இருந்துகொண்டேன்.

பொழுது சாய்ந்து, மஹ்ரிப் தொழுகைக்குப் பிறகு அவர்கள் வீட்டில் இரண்டாவது வகுப்பு நடக்கும். உம்மா பகலில் கேட்டதைச் சொல்ல, சில்மியா எழுதுவாள். சில நாட்கள் போனில் நானும் இருந்தேன். சேர் சொன்னது பாதி, உம்மாவின் ஐமிச்சம் பாதி. வாவிக்கும் கடலுக்கும் உள்ள நீரோட்டத்தை, "கடல் ஆத்தைத் தள்ளுமாம், ஆறு கடலைத் தள்ளுமாம். ரெண்டும் ஒண்டையொண்டு நம்புறல்ல" என்று முடிப்பார். சேர் சில பக்கங்களை வேகமாகத் தள்ளிவிட்டுப் போனால், அதில் ஏதோ ஒளிக்கிறார் என்பார். "அவருக்குப் பசிச்சிரிக்கும் உம்மா" என்றால், "பசிச்ச மனிசன் முதல் பக்கத்திலயே ஓடியிரிப்பான்" என்பார். உங்களில் ஒருவர் வகுப்பு முழுக்க நித்திரை கொள்கிறார் என்பதையும் அவரே கண்டுபிடித்தார். அந்த ஆளுக்கு அது தெரியும்.

எல்லாவற்றையும் சரியாகப் பிடித்தார் என்று சொல்லமாட்டேன். மண்ணரிப்புப் பாடத்தை ஒருநாள் தலைகீழாகச் சொல்லி, சில்மியாவும் அப்படியே எழுதிவிட்டாள். நான் பிழை என்றேன். "நீங்க அந்த நேரம் சோறு தின்னப் போயிருப்பீங்க" என்று என் மீதே பாய்ந்தார். மறுநாள் சேரிடமே கேட்டார். பிழை அவருடையதுதான். மாலையில் போன் எடுத்து, "சரி, நான் சொன்னது பிழ. கேட்டது பிழையில்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இடையில் சில நாட்கள் இருமலோடு வகுப்புக்கு வந்தார். எனக்கு உடனே அதுதான் என்று தோன்றியது. பரிசோதித்தீர்களா என்று கேட்டேன். "போனா எங்க கொண்டு போய் வைப்பாங்களோ தெரியா. இந்த நேரத்தில மௌத்தாகக் கூடா மகள். நம்மளுக்கு இப்ப மண் கிடைக்கிறல்ல. எரிக்கிறாங்க. அல்லாஹ்ட்டக் கேட்டிரிக்கன், மண் தாற காலம் வரைக்கும் என்னை வெச்சிரி எண்டு" என்றார். கொரோனாவில் இறந்த முஸ்லிம்களையும் புதைக்க விடாமல் எரித்த மாதங்கள் அவை. எதைச் சொன்னாலும் பின்னால் ஒரு பகிடி வைத்திருப்பவர். அன்று வைக்கவில்லை. நான் அதன் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எங்கள் ஒப்படை ஆற்றுவாய் பற்றியது. வாவி கடலில் சேருகிற வாயை மணல் வந்து அடைக்கும். மாரியில் தண்ணீர் ஏறினால் கரையோர வட்டைகளில் வயல் மூழ்கும் என்பதால் வாயை வெட்டிவிடுவார்கள். எந்த நாளில் வெட்டுவது என்பதை வயல்காரரும் மீன்காரரும் கூடிப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். முந்தி வெட்டினால் வளராத இறால் கடலோடு போய்விடும், உப்புத் தண்ணீர் வயலுக்குள் ஏறிவிடும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு வருடம், பேசி வைத்த நாளுக்கு வெகு முந்தியே வாய் திறந்துகொண்டது. இறாலும் போயிற்று, வயலும் கருகிற்று. வெள்ளத்துக்குப் பயந்து வயல் வட்டைக்காரர்தான் வெட்டினார்கள் என்பது எங்கள் பக்கத்துக் கதை. அப்பா அதைச் சொல்லும்போது மணலில் கிடந்த மண்வெட்டி அடையாளத்தைக் கையால் அளந்து காட்டுவார். அன்றிலிருந்து அக்கரை ஆட்கள் சிலரோடு அவருக்குப் பேச்சில்லை.

உம்மாவின் காக்கா, அதாவது அண்ணன் ஒருவர், எங்கள் ஊருக்குத் தெற்கே கல்யாணம் முடித்து, அவர்கள் வழக்கப்படி மனைவி வீட்டோடு இருந்துவிட்டவர். அவருக்கு வாவிக் கரையில் வயல். அவரைக் கேட்டால் கதை மறுபக்கம்: கடல் இறால் குஞ்சு உள்ளே வரட்டும் என்று மீன்காரர்தான் வெட்டினார்கள், வயல் உப்பில் செத்தது என்றார். நான் அப்பாவைக் கேட்டு எழுதினேன், உம்மா காக்காவைக் கேட்டுச் சொன்னார். இரு தரப்பும் முரண்படுகின்றன என்று ஒரு வரியோடு முடித்துவிடலாம் என்று சில்மியா சொன்னாள். நானும் சரி என்றேன்.

உம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "என்ட காக்காவை நான் நம்பல்ல" என்றார். "தங்கச்சிக்கிட்டச் சொல்லக்கொள்ள அவர் ஒள்ளுப்பம் கூட்டித்தான் சொல்லுவார். உங்கட வாப்பாவும் அப்பிடித்தான். சொந்தப் புள்ளைக்கு முன்னால ஆரு தன்ர கதையைக் குறைச்சுச் சொல்லுவான்? மாத்திக் கேப்பம். நீங்க என்ட காக்காவைக் கேளுங்க, நான் உங்கட வாப்பாவைக் கேக்கன்." ஏறாவூரிலிருந்து முன்பின் தெரியாத ஒரு முஸ்லிம் பெண், என் அப்பாவிடம், அந்த விஷயத்தை! அப்பா போனைத் தூக்கி வாவிக்குள் எறிந்தாலும் எறிவார் என்று நினைத்தேன்.

கம்பஸிலிருந்து ஒருவர் போன் எடுக்கப் போகிறார் என்று மட்டும் சொல்லிவைத்தேன். அப்பா சேர்ட் போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்தார். போனில் ஆள் தெரியாது என்றால், "தெரியாட்டியும்" என்றார். நான் அடுப்படியில் சுவரோடு காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஓம் தங்கச்சி, சொல்லுங்க... ஓம், வாய் திறந்துதான் கிடந்திச்சு... ஆரு வெட்டினதா?" அப்பா கதிரையில் அசைகிற சத்தம் கேட்டது. "கண்ணால காணல்ல தங்கச்சி. விடியப் போகக்கொள்ள தண்ணி ஓடிக்கிட்டு இருந்திச்சு. மம்பட்டி அடையாளமா? பொய் சொல்லப்படாது. நான் ஒண்டும் காணல்ல. ஆக்கள் சொன்னதுதான்... ஓம், அண்டைக்கு முதல் நாள் கடல் கடும் அடி. அது உண்ம."

சின்ன வயதிலிருந்து அவர் கையால் அளந்து காட்டிய அடையாளம் அது! அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை நான் கவனிக்கவில்லை. அடுத்த நாள் நான் காக்காவுக்குப் போன் எடுத்தேன். அவரும் முதலில் மகள், மகள் என்று மரியாதையாகச் சுற்றிப் போனார். நீங்கள் கண்டீர்களா என்று கேட்டேன். "நாங்க வெட்டுறத்துக்கெண்டு போகவுமில்ல, வெட்டினவனைக் காணவுமில்ல மகள். உப்பு ஏறிச்சு, ஆத்திரத்தில சொன்னம்" என்றார். இரண்டு பக்கமும் ஒருவரும் காணவில்லை. முதல் நாள் கடல் கடுமையாக அடித்திருக்கிறது. ஒருவேளை கடலே உடைத்திருக்கும். அதையும் ஒருவரும் காணவில்லை.

அன்று மாலை அப்பா என்னிடம், "அந்தத் தங்கச்சி நல்ல விவரமான ஆள்" என்றார். பிறகு, "நீ ஏன் என்னட்ட இப்பிடிக் கேக்கல்ல?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நான் அதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒப்படையை முன்வைக்கிற நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எல்லோரும் கமராவைப் போட வேண்டும் என்று சேர் திடீரென்று சொன்னார். இத்தனை மாதமும் குரல் ஒன்று, இன்று முகம் வேறு. சில்மியா கமராவைப் போட்டாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியதை அவள் மறந்திருந்தாள். சேர் கேட்ட எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். மஹ்ரிப் வகுப்பு வீண்போகவில்லை. கடைசியில் சேர் திரையருகே முகத்தைக் கொண்டுவந்தார். "சில்மியா, குரல் வித்தியாசமாக இருக்கிறதே?" என்றார்.

"தடிமன் சேர்" என்றாள் அவள். அந்தக் காலத்தில் தடிமன் என்று ஒருவர் சொன்னால்! நீங்கள் எல்லோரும் திரைக்குள்ளேயே பின்னால் சாய்ந்தீர்கள், நான் பார்த்தேன். ஆனால் சேர் சாயவில்லை. "எப்போதும் கேள்வி கேட்பவர் நீங்கள்தானே. இன்றைக்குக் கேள்வி இல்லையா?" என்றார்.

சில்மியா அளவு நாடாவை விரலில் சுற்றினாள், கேள்வி வரவில்லை. அவளுடைய படத்தின் ஓரத்தில் ஒரு முந்தானை நுனி அசைந்தது. உம்மா அங்கேதான் நிற்கிறார், வாய் வரைக்கும் வந்த கேள்வியோடு நிற்கிறார், கேட்க முடியாமல். இன்னும் கொஞ்சம் போனால் சேர் அந்த முந்தானையைக் கண்டுவிடுவார், அல்லது உம்மாவே அடக்க முடியாமல் கேட்டுவிடுவார். இரண்டில் எது நடந்தாலும் சில்மியா முடிந்தாள்.

"சேர், ஒரு சின்னக் கேள்வி."

அது என் குரல் என்று எனக்கே பிந்தித்தான் விளங்கியது. மூன்று வருடத்தில் வகுப்பில் நான் கேட்ட முதல் கேள்வி. "ஒருவரும் கண்ணால் காணாத ஒன்றை இரண்டு கரையிலும் இத்தனை வருடம் எப்படி நிச்சயமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் சேர்? அதற்குப் புவியியலில் பதில் இருக்கிறதா?" என்றேன். சேர், "நல்ல கேள்வி. எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த சோடியைக் கூப்பிட்டார். சில்மியாவுக்கு வந்த கேள்வி கேட்கும் வருத்தம் கௌசிக்கும் தொற்றிவிட்டது என்று நீங்கள் குழுவில் எழுதினீர்கள். உம்மா எனக்குப் போன் எடுத்து, "கேள்வி நல்லம். நான் எண்டா இன்னும் நீட்டிக் கேட்டிரிப்பன்" என்றார். அதற்குப் பிறகு நான் வகுப்பில் வாயை மூடவில்லை. அதுவும் உங்களுக்குத் தெரியும்.

பாதைகள் திறந்த பிறகு ஏறாவூருக்குப் போனேன். முதல் தடவையாக அவரைக் கண்டேன். மெலிந்த, கட்டையான பெண். வாசலிலேயே நிறுத்தி, என் முகத்துக்கு மிகக் கிட்ட வந்து, பூ விழுந்த கண்ணால் உற்றுப் பார்த்தார். "நீங்கதான் எண்டு எப்பிடித் தெரியும்?" என்றார். உள்ளே கூட்டிப் போய் வட்டிலப்பத் தட்டை எனக்கு முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். நான் கஜுவைப் பொறுக்கும் வரை அவர் சிரிக்கவில்லை. பிறகு கண் வெட்டி, பார்வை திரும்பி, மிசினில் அவரே மறுபடி உட்கார்ந்தார். ஒவ்வொரு பெருநாளைக்கும் போனேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பரிசோதனை நடந்தது.

செய்தி வந்த அன்றே அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன். தன்னாமுனை தாண்டும் வரையிலும், போய்ச் சேர்ந்ததும் உம்மா வாசலில் நின்று என்னைச் சோதிப்பார் என்று மனத்தின் ஒரு மூலை சொல்லிக்கொண்டே வந்தது. வாசலில் செருப்புகள் மட்டும் கிடந்தன. வீட்டுக்குள் பெண்களோடு இருந்தேன். ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் மையவாடிக்கு அடக்கப் போனார்கள். "மண் கிடைச்சிட்டுது" என்று சில்மியா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவர் கேட்ட அந்த ஒன்று கிடைத்துவிட்டது.

வெளியே வந்தபோது கேற்றடியில் சேர் நின்றார். எனக்கு உடனே பொறி தட்டியது. மாணவியின் தாய் இறந்ததற்கு இவ்வளவு தூரம் வருகிறவரா இவர்? யார் சொன்னது? எதற்கு வந்தார்? முந்தின கௌசி என்றால் இதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வருடம் வைத்துக் குடைந்திருப்பாள். நேரே போனேன். "சேர், ஒரு சின்னக் கேள்வி. உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

சேர் என்னைப் பார்க்கவில்லை, மையவாடிப் பக்கம் பார்த்தார். "அந்த வருசம் முழுக்க நான் கறுப்புப் பெட்டிகளோட கதைச்சன் பிள்ள" என்றார். "இருக்கிறீங்களா எண்டு கேட்டா ஒரு பெட்டியும் பேசாது. ஒரேயொரு பெட்டிதான் திருப்பிக் கதைச்சது. அதுக்குள்ள ஆர் இருக்கிறார் எண்டு நான் கேக்கப் போவனா?"

நான் இப்போது ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கூட்டம் முடிகிற நேரத்தில் கையை உயர்த்துகிறேன். மேலதிகாரியின் முகம் கறுக்கிறது. அது உம்மாவிடமிருந்து என்னிடம் தங்கியது. அது இலகுவானது, ஐமிச்சம் எனக்கு இரத்தத்திலேயே இருக்கிறது, அதற்கு ஒரு வாய் மட்டும்தான் தேவைப்பட்டது. அவர் சொன்னதில் மற்றப் பாதிதான் எனக்கு இன்னும் கைவரவில்லை. கேட்ட பிறகு நம்புவது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் அந்த இலக்கத்தைக் கூப்பிட்டால், "என்ன கறி?" என்று யாரோ கேட்பார்கள் என்றே இருக்கிறது. எப்போது என்று கேட்டேன், எங்கே என்று கேட்டேன், பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டேன். சில்மியா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டாள். இனி நம்பத்தான் வேண்டும் உம்மா. இல்லாவிட்டால் எதற்குக் கேட்டேன்?